வெயிலுக்கு ஒரு வில்லி

பானுமதி ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இழுத்துக் கீழே தள்ளினாள் என்பதற்குச் சாட்சி கொஞ்சநஞ்சமில்லை. தமிழ்நாடு முழுக்க மாலை ஏழரை மணிக்கு இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைத்தாச்சியின் வயிற்றில் இருந்தது பஞ்சுத் தலையணை என்பதையும், அந்தக் கட்டில் யாருக்காகப் போட்டது என்பதையும் மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

பானுமதியின் புருஷன் தர்மராஜ் அரியமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை. மேலே தகரக் கூரை. கத்திரி வெயிலில் அதன் கீழே நின்றால் தலைக்கு மேல் இன்னொரு அடுப்பு எரிகிற மாதிரி இருக்கும். அந்த மே மாதம் திருச்சியில் வெயில் வழக்கத்தைவிடக் கொடுமையாக இருந்தது. டிவியில் அதைக் கிட்டத்தட்டத் திருவிழாவாகவே நடத்தினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட கார்ட்டூன் சூரியன் ஒன்று திரையின் மூலையில் ஆடியது. "மக்களே, இளநீர் குடிங்க, காட்டன் துணி போடுங்க, பதினொரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் வெளியில வராதீங்க" என்று கோட்டு போட்ட பெண் ஒருத்தி சொன்னாள்.

தர்மராஜ் வெளியில் வரவில்லை. பட்டறைக்கு உள்ளேயேதான் விழுந்தான்.

தகவல் வந்தபோது பானுமதி யாருக்கோ பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நசுருதீன் ஆட்டோவை எடுத்தான். பட்டறையில் தர்மராஜைத் தரையில் கிடத்தி யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தொட்டால் உடம்பு சுட்டது. வேர்வை ஒரு பொட்டு இல்லை. பானுமதியைப் பார்த்து, "அக்கா, கரண்ட் வந்துருச்சா?" என்று கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"தஞ்சாவூர் ரோட்டுல அருள்வெள்ளம் ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில வெயிலுக்குன்னே தனியா வார்டு தொறந்திருக்காங்கக்கா, போர்டுல்லாம் வச்சிருக்காங்க" என்றான் நசுருதீன்.

போர்டு இருந்தது. நாலு லாரி நிற்கிற நீளத்துக்கு இருந்தது. ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் மாதவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். 'வெயிலே வா! ஒரு கை பார்க்கிறோம்!' என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் போர்டுக்குக் கீழே வாட்ச்மேன் கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினான்.

"ஷூட்டிங் நடக்குது. பேஷன்ட்லாம் அந்தாண்ட ஓரமா உக்காருங்க."

"ஷூட்டிங்கா? ஆஸ்பத்திரியிலயா?"

"சீரியலும்மா. 'தாலிக்கு நிழல் தந்தவள்'. வெயில் விழிப்புணர்வு வாரம். மகிழினிக்கு இன்னைக்கு வெயில் தாக்குது. சத்தம் போடாதீங்க, லைவ் சவுண்டு."

ஷாமியானா ஒன்று போட்டிருந்தார்கள். அதன் கீழே படப்பிடிப்பு ஆட்களுக்கு மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்கு ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகை. அங்கே ஒரு பெண் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். கால் பாதமெல்லாம் தார். பச்சைமலையிலிருந்து ரோடு போடும் வேலைக்கு வந்தவர்களாம். அவன் பெயர் பிச்சமுத்து, அவள் வள்ளிக்கண்ணு.

"காலையிலேர்ந்து இருக்கோம்மா. கூப்புடுவாங்கன்னு சொன்னாங்க. கூப்புட மாட்டேங்கறாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. விசிறுவதை நிறுத்தவில்லை.

பானுமதி தர்மராஜை நசுருதீனிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வார்டு வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வழி மறித்தார். குளிர்நிலா டிவியின் கதைப் பிரிவுத் தலைவர் சுரேஷ்குமார். கோபப்படுகிற ஆள் இல்லை. தோளில் கை வைக்காத குறையாக அன்பாகப் பேசினார்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. உங்களுக்காகத்தான் இந்த எபிசோடே. உலகம் சூடாவுதுன்னு விஞ்ஞானி சொன்னா ஜனங்களுக்கு ஏறாதும்மா. நாத்தனார்னா ஏறும். அதனால நாத்தனார் என்ன பண்றா, வாசல்ல இருக்கற வேப்பமரத்த வெட்டிடறா. வீடு சூடாவுது. புள்ளத்தாச்சி மகிழினி மயங்கி விழறா. எப்படி?"

"சார், எங்க வீட்டுக்காரரு தகரக் கூரைக்குக் கீழ வேலை பாத்து விழுந்துட்டாரு சார். உசுரு போவுது சார்."

சுரேஷ்குமார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தகரம்னு சத்தமா சொல்லாதீங்கம்மா. கூரைத் தகடு கம்பெனி நமக்கு ஸ்பான்சர். கதையில கூரையத் தொடக் கூடாதுன்னு ஒப்பந்தம்."

அவர் தோளுக்கு மேலாகப் பானுமதி உள்ளே பார்த்தாள். வார்டில் குளிர் புகை மாதிரி வந்து முகத்தில் அடித்தது. இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் மகிழினியாக நடிக்கிற பெண் படுத்திருந்தாள். குளிரில் பல் கிட்டித்தது அவளுக்கு. ஒரு ஷாட் முடிந்ததும் கம்பளியைப் போர்த்தினார்கள். அடுத்த ஷாட்டுக்குக் கம்பளியை உருவி, முகத்தில் வேர்வைக்காகத் தண்ணீர் பீய்ச்சினார்கள். இன்னொரு கட்டிலில் பெரிய லைட் ஒன்று படுத்திருந்தது. கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்று அதற்குத் தலையணை வைத்திருந்தார்கள். வாசல் ஓரம் ஒரு தொட்டி நிறைய ஐஸ். ஸ்பான்சர் கம்பெனியின் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் அதில் கழுத்தளவு குளித்துக்கொண்டிருந்தன.

டாக்டர் மாதவன் தன் சொந்த வேஷத்திலேயே நடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு வசனம்.

"இது வெப்ப வாதம். ஒரு நிமிஷம் தாமதிச்சாலும் உயிருக்கே... உயிருக்கே..."

"கட். ஆபத்து சார்."

"ஆபத்து. சரி. இது வெப்ப வாதம். ஒரு நிமிஷம் தாமதிச்சாலும்... கண்ணாடி போட்டுக்கட்டுமா, வேண்டாமா?"

"கட். கண்ணாடியோட கெத்தா இருக்கு சார்."

ஒரு நிமிஷம் தாமதித்தால் என்ன ஆகும் என்பதை அந்த டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே இருந்த நர்ஸ்கள் எல்லோரும் அதைக் கைகட்டிக் கேட்டார்கள். பானுமதியும் கேட்டாள்.

"சார், அந்த லைட்ட எடுத்துட்டு ஒரு ஓரமா படுக்க வைங்க சார். நடிக்கறதுக்குக் கூட ஆள் வேணும்ல, அவர வேணா படம் புடிச்சுக்குங்க" என்று கெஞ்சினாள்.

சுரேஷ்குமார் அதை உண்மையிலேயே யோசித்தார். வாசல் வரை வந்து தர்மராஜை எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நோயாளி மாதிரியே தெரியலம்மா. குடிச்சிட்டு விழுந்தவர் மாதிரி இருக்கு. குடும்பத்தோட பாக்கற சீரியல்."

அந்த நேரம் தர்மராஜின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

பானுமதி அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "தூக்கு நசுரு" என்றாள். நசுருதீன் தோளிலும் அவள் காலிலுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனார்கள். வாட்ச்மேன் கத்தினான். டாக்டர் மாதவன் கண்ணாடியோடு திரும்பினார். பானுமதி கட்டிலில் இருந்தவளின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தப் பெண் கீழே விழுந்தாள். விழுந்தவள் தர்மராஜின் முகத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். தமிழ் தெரியாத ஊர்க்காரி. அவள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே அவன் காலைத் தாங்கிக் கட்டிலில் ஏற்றிவிட்டாள். பானுமதி தொட்டியிலிருந்த ஐஸை வாரி வாரி அவன் மேல் கொட்டினாள். ஒரு நர்ஸ் அதுவரை கட்டியிருந்த கையை அவிழ்த்து, அவனுக்கு டிரிப்ஸ் ஏற்ற ஓடி வந்தாள்.

"கட் பண்ணாதே! கட் பண்ணாதே!" என்று சுரேஷ்குமார் கேமராக்காரனிடம் கத்தினார். சந்தோஷத்தில் அவர் குரல் உடைந்தது. "வில்லி கிடைச்சாச்சு!"

தர்மராஜ் பிழைத்தான். அவன் கண் திறந்தபோது கொட்டகைப் பக்கமிருந்து வள்ளிக்கண்ணுவின் அலறல் கேட்டது. பிச்சமுத்துவைக் கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை.

அன்று மாலை குளிர்நிலா டிவி அவனையும் விட்டுவிடவில்லை. செய்தியில் அவன் படம் வந்தது. 'தொழிலாளி பலி: வெயிலா? மதுவா?' என்று கீழே ஓடியது. டாக்டர் மாதவன், "உடம்ப நாமதான் பாத்துக்கணும். தண்ணி குடிக்க வேண்டிய நேரத்துல வேற தண்ணி குடிச்சா யாரும் காப்பாத்த முடியாது" என்று கண்ணாடியோடு சொன்னார். பிச்சமுத்து குடிக்கிறவனா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. வள்ளிக்கண்ணு அதற்குள் பிணத்தோடு பச்சைமலை ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் அந்த எபிசோடு வந்தது. நாத்தனார் மரத்தை வெட்டினாள். மகிழினி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும்போது, நாத்தனார் ஏவிவிட்ட அடியாளாகத் தலைவிரி கோலத்தில் ஒருத்தி வந்து அவளைக் கட்டிலிலிருந்து இழுத்துப்போட்டாள். அது பானுமதி. மூன்று கோணத்தில், மூன்று தடவை, இடிச் சத்தத்தோடு இழுத்தாள். கட்டிலில் அப்புறம் யார் படுத்தார்கள் என்பதைக் காட்டவில்லை. விளம்பரம் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வெயில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பானுமதிதான் ஞாபகம். செல்போனில் அவள் முகத்துக்குக் கொம்பு வைத்துப் படம் போட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "புள்ளத்தாச்சிகளாம் தள்ளி நில்லுங்கம்மா, அம்மா ஏறுது" என்றான். பஸ்ஸே சிரித்தது. கோடி வீட்டு ஆனந்தவள்ளி தைக்கக் கொடுத்த துணியை வந்து வாங்கிக்கொண்டு போனாள். "தப்பா நினைக்காத. நாளைக்கு என் மருமவளுக்கு வளைகாப்பு. உன் கையால தச்சத எப்படி போட்டுக்கறது?"

"அது நடிப்புங்க. அந்தப் பொண்ணு வயித்துல தலகாணி."

"தலகாணியோ என்னமோ, பாக்கவே பதறுதுல்ல?"

நசுருதீனின் மனைவி ஜீனத் மட்டும் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். "அல்லாஹ் பாத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கான்" என்பாள்.

தர்மராஜுக்குக் கிட்னி பழுதாகியிருந்தது. பட்டறைக்குப் போக முடியாது. மாதக் கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். அருள்வெள்ளத்தில் 'வெப்பத் தோழன்' என்று ஒரு இலவசத் திட்டம் இருந்தது. பானுமதி போய்க் கேட்டாள். டாக்டர் மாதவன் அவளை உட்காரச் சொன்னார். பக்கத்தில் சுரேஷ்குமார் இருந்தார்.

"தாராளமா பண்ணலாம். நேயர்கள்தான் கொதிச்சுப் போயிருக்காங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல சிறப்பு நிகழ்ச்சி வைக்கறோம், 'மன்னிப்பாயா மகிழினி?'ன்னு. நீங்க மேடையேறி ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டா, அங்கயே திட்ட அட்டையக் குடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

"நடந்தது உங்களுக்குத் தெரியும்ல சார்? நீங்க அங்கதான இருந்தீங்க?"

"எனக்குத் தெரியும்மா. நேயர்களுக்குத் தெரியாதே."

வீட்டில் தர்மராஜ் சுவரில் சாய்ந்துகொண்டு, "கேட்டுடு பானு. வாய் வார்த்தைதான?" என்றான். கால் வீங்கியிருந்தது அவனுக்கு. பானுமதி கேட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, 'எல்லாரும் என்னை மன்னிச்சுடுங்க' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மகிழினி வயிற்றுத் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். பானுமதி ஏறியபோது அந்தப் பெண் எழுந்து நின்றாள், உட்காரச் சொன்னார்கள். முன்வரிசையிலிருந்து பட்டுப் புடவை கட்டிய ஒரு மாமி, "பெருமாளே! ஒரு கர்ப்ப ஸ்திரீய இப்படிப் பண்ண எப்படி மனசு வந்துது நோக்கு? தாயார் சந்நிதி இருக்கற ஊர்டீ இது, கால்ல விழு!" என்று கூவினாள். கூட்டம் கைதட்டியது.

முதலில் ஏ.சி. கம்பெனியின் மண்டல மேலாளர் பேசினார். "பருவநிலை மாற்றத்த எங்க நிறுவனம் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டிருக்கு. போன வருஷத்தவிட விற்பனை ரெண்டு மடங்கு. வர்ற வருஷங்கள்ல வெயில் இன்னும் நல்லா இருக்கும்னு நம்பறோம். அரங்கன் கைவிட மாட்டார்."

அடுத்தது சுரேஷ்குமார். "நாட்டுல யார் யாரோ மரம் வெட்டறாங்க, புகை விடறாங்க. அவங்களையெல்லாம் காட்டினா நமக்கு விளம்பரம் வருமா? அதான் ஒரே ஒரு வில்லி. ஜனங்க திட்டித் தீர்த்துட்டு நிம்மதியா தூங்கறாங்க. இதுக்குப் பேர்தான் விழிப்புணர்வு."

டாக்டர் மாதவன் கடைசி. இந்தத் தடவை அவர் வசனம் மறக்கவில்லை. "அன்னிக்கு நெஜமான நோயாளிகள் வெளியில காத்திருந்தாங்க. ஒரு டாக்டரா என் மனசு துடிச்சுது. ஆனா ஒரு நோயாளியப் பாத்தா ஒருத்தர்தான் பிழைப்பார். ஒரு எபிசோடு பாத்தா ஒரு கோடிப் பேர் பிழைப்பாங்க. அதுல யாரோ ஒருத்தர் தவறிப்போனா அத இழப்புன்னு சொல்லாதீங்க. பங்களிப்புன்னு சொல்லுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பானுமதிக்குக் காதுக்குள் ஏதோ கொதித்தது. யாரோ ஒருத்தர். பெயர்கூட இல்லை. அவளுக்குத் தார் ஒட்டின பாதம் கண்முன் வந்தது.

தொகுப்பாளினி ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை நீட்டினாள். "சொல்லுங்கக்கா. மனசுவிட்டுச் சொல்லுங்க."

"எனக்குப் பேச வராது" என்றாள் பானுமதி. "மன்னிப்பு கேக்கணும்னு கூட்டியாந்தாங்க. கேக்கணும்தான். தப்பு பண்ணிட்டேன்."

மண்டபம் உச்சுக் கொட்டியது.

"பச்சைமலையிலேர்ந்து ரோடு போட வந்த பிச்சமுத்துன்னு ஒருத்தர் அன்னிக்கு வெளியில கெடந்தாரு. அவரு குடிச்சிட்டு சாகல. காத்திருந்து செத்தாரு. உள்ள ரெண்டு கட்டில் இருந்துச்சு. ஒண்ணுல இந்தப் பொண்ணு, இன்னொண்ணுல லைட்டு. நான் என் புருஷன மட்டும் பாத்தேன். ஒரு கட்டிலத்தான் காலி பண்ணேன். அந்த லைட்டையும் தூக்கிப் போட்டு ஒடச்சிருக்கணும். இந்த டாக்டரு சட்டையப் புடிச்சு வெளியில இழுத்தாந்து, பிச்சமுத்துகிட்ட அந்த வசனத்தச் சொல்லுய்யான்னு சொல்லியிருக்கணும். செய்யல. நான் வள்ளிக்கண்ணு கால்லதான் விழணும். உங்ககிட்டல்லாம் எதுக்குய்யா கேக்கணும்?"

மகிழினிக்குப் பக்கத்தில் இருந்தவன் மொழிபெயர்த்துச் சொன்னான் போலிருக்கிறது. அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் கையிலிருந்த திட்ட அட்டை திரும்பவும் அவர் பைக்குள் போனது. ஜாஸ்லின், "எவ்ளோ எமோஷனலான தருணம்! சின்ன இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்" என்றாள்.

அதன்பிறகு தர்மராஜை டவுனில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வரிசை நீளம்தான். ஆனால் கட்டிலில் நோயாளிகள்தான் படுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பானுமதி, ஜீனத் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். புல்லாங்குழல் ஒலித்தது. திரையில் பானுமதி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். 'எனக்குப் பேச வராது... மன்னிப்பு... கேக்கணும்... தப்பு பண்ணிட்டேன்... நான் என் புருஷன மட்டும் பாத்தேன்...' மகிழினி முகத்தைப் பொத்தி அழுதாள். மன்னித்துவிட்டாள் என்று பெரிய எழுத்தில் வந்தது. பூ கொட்டியது. கூரைத் தகடு விளம்பரம் வந்தது.

தெருவில் இரண்டு மூன்று வீட்டிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது.

"அவ்ளோதானா? மீதி எங்கக்கா?" என்றாள் ஜீனத்.

பானுமதி எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். ஜீனத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். கோடி வீட்டில் ஆனந்தவள்ளியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து அடுத்த வார முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பானுமதியைப் பார்த்ததும் ஆனந்தவள்ளி முகமெல்லாம் சிரிப்பாக, "வாடிம்மா! இப்பத்தான் மனசு ஆறுச்சு. அந்தத் துணிய நாளைக்கே குடுத்தனுப்பறேன்" என்றாள்.

பானுமதி நேரே போய் டிவிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏய், என்ன பண்ற? மறைக்காத, தள்ளு."

"மறைச்சது நான் இல்ல" என்றாள் பானுமதி. பிறகு, பட்டறையிலிருந்து போன் வந்த நேரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.